பூக்கிற வாரத்தை இரவல் கொடுத்தவர்

அவர் சாகப் போகிறார் என்று நான் நம்பினேன். மனதுக்குள் நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் சொன்னேன். பக்கத்து வீட்டில் சொன்னேன். என் மனைவியிடம் குரல் தழுதழுக்கச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், "தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்குது" என்றாள். கடைசியில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, எழவு வீட்டுக்கென்று தனியாக வைத்திருக்கும் முகத்தை மாட்டிக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். இவ்வளவுக்கும் என்னிடம் இருந்த முதல் ஆதாரம், மொட்டு விடாத ஒரு செடி.

சிரிக்க வேண்டாம். அவரைத் தெரிந்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

எழுபதுகளின் பின்பாதி. கல்யாணமான கையோடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. ஒரு காலை, கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மனிதர். கையில் பிஸ்கட் டின்னில் ஒரு செடி. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வருகிறவர் என்று எனக்கு அப்போது தெரியாது. யாரோ தலையணைக்குள்ளிருந்து வெளியே வந்தவர் மாதிரி இருந்தார்.

"சார், இது ரெண்டு நாள்ல பூத்துடும். உங்க வூட்ல வெச்சிருங்க. பூவு ஓஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்."

"நாங்க செடியெல்லாம் வாங்கறதில்லீங்க."

"விக்கல சார். வெச்சிருங்க."

"எதுக்கு?"

இந்தக் கேள்வி அவரைச் சங்கடப்படுத்திவிட்டது. டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை என்பதுபோல, "பூக்கப் போவுது" என்றார்.

வைத்துவிட்டுப் போய்விட்டார். புது ஊர், புதுப் பெண்டாட்டி, முன்பின் தெரியாத ஆள், மண் நிரப்பின டின். மந்திரித்த தகடோ எலுமிச்சம்பழமோ உள்ளே புதைத்திருக்கிறாரா என்று, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, கரண்டிக் காம்பால் மண்ணைக் கிளறினேன். ஒரு மண்புழு வெளியே வந்து என்னை நிமிர்ந்து பார்த்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தபோது ஜன்னலோரம் ஒரு டேலியா விரிந்திருந்தது. அந்த வீட்டில் அதுவரை சாமான்கள்தான் இருந்தன. பெட்டி, பாய், ஸ்டவ், தண்ணீர்க் குடம். அந்தச் செந்நிறம் வந்து உட்கார்ந்ததும் ஏதோ ஒரு பெரிய மனுஷி எங்களைப் பார்க்க வந்து, நாங்கள் எழுந்திருப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருப்பதுபோல இருந்தது. நானும் மனைவியும் அன்று வீட்டுக்குள் மெதுவாகப் பேசினோம்.

இதுதான் அவர் வழக்கம். தெருவின் கடைசி வீடு அவருடையது. பின்னால் ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி எண்ணெய் டின், உடைந்த வாளி, ஓட்டைச் சருவம் என்று எதிலெல்லாம் மண் நிற்குமோ அதிலெல்லாம் செடி. ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் ஒரு பூகூட இருக்காது. இலை, இலை, இலை. மொட்டுக் கட்டி, நிறம் தெரிய ஆரம்பித்ததும், அந்தத் தொட்டியைச் சைக்கிள் கேரியரில் நூலால் கட்டி யாராவது ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பூத்து, வாடி, உதிர்ந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவார். வளர்க்கிற பாடெல்லாம் அவருக்கு, பூக்கிற வாரம் மட்டும் நமக்கு.

அந்த வாரத்தில் தினமும் வருவார். "செடியப் பாத்துட்டுப் போலாம்னு" என்பார். செடியை ஒரு பார்வை பார்ப்பார், விரலால் மண்ணை ஒரு தொடு தொடுவார். அவ்வளவுதான் செடி விஷயம். அதன் பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் மனைவி கொடுக்கும் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் இருப்பார். அதிகம் பேசமாட்டார். நாம் பேசினால் கேட்பார். நான் ஏதாவது கேலி பேசினால் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பை வாங்குவது எவ்வளவு பெரிய போதை என்று என்னைப் போன்ற வாயாடிகளுக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நாளில் தெரு முழுக்க ஒரு கணக்கு ஓடுவது எனக்குப் பிடிபட்டது. இந்த வாரம் யார் வீட்டில் பூ இருக்கிறதோ, அங்கே அவர் இருப்பார். தையல்காரர் பாய் வீட்டில் கனகாம்பரம் என்றால் சாயங்காலம் அங்கே. அரிசி மண்டியில் செம்பருத்தி என்றால் மூட்டைகளுக்கு நடுவே அங்கே. பூவைத் தேடிப் போனால் ஆள் கிடைப்பார்.

உட்கார்ந்திருக்கும்போது கை சும்மா இருக்காது. மில்லில் அறுந்து விழுந்த கழிவு நூலைச் சுருட்டி இடுப்பில் வைத்திருப்பார். அதை எடுத்து முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு, தொட்டி தொங்கவிடும் உறி பின்னுவார். பேச்சு எங்கெங்கோ போகும், உறி கீழே இறங்கிக்கொண்டே வரும். செடியை எடுத்துப் போகும்போது உறியை விட்டுவிட்டுப் போவார். அதனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு வெற்று உறி தொங்கும். மத்தியானம் மூன்று மணிக்குக் கடல்காற்று எழும்பும்போது அத்தனை உறிகளும் ஒரே பக்கமாக ஆடும். தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வெயில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். தூக்கம் பாதி, விழிப்பு பாதியாகப் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தால், தெருவே மூச்சு விடுகிறது என்று தோன்றும்.

கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு வயதான மதாம் இருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாமில், சைகோனில் வாழ்ந்துவிட்டு வந்த தமிழ் அம்மாதான். ஆனால் தமிழ் மறந்துபோனதாக நடந்துகொள்வார். அவர் ஜன்னலுக்கும் இவர் தொட்டி போகும். ஒருமுறை நானும் கூடப் போனேன். மதாம் நாற்காலியில் சாய்ந்தபடி கால் மணி நேரம் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். இவர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் "உய், மதாம்" என்றார். இவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், "அண்ணே, அந்தம்மா இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"தெரியாது சார்."

"தெரியாமலா எல்லாத்துக்கும் ஆமான்னீங்க? வூட்ட எழுதிக் குடுன்னு கேட்டிருந்தா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தோள் குலுங்கினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பேசறதுக்கு ஆளு வேணும் சார் அவங்களுக்கு. அதான்" என்றார். பிறகு, ஏதோ அதிகம் பேசிவிட்டவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புத்தக விஷயத்திலும் இதே கதை. என்னிடம் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. ஒரு நாள் அதிலிருந்து குண்டான ஒன்றை எடுத்துப் புரட்டினார். கப்பலில் ஊர் ஊராகப் போகும் ஒருவனின் கதை. நாலு பக்கம் படித்தார். நின்ற இடத்தில் ஒரு நூலைப் போட்டு மூடி வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. நிதானமாப் படிங்க."

"வேணாம் சார். இங்கியே இருக்கட்டும்."

"நான் நம்பித்தான் தர்றேன்."

"அதுக்கில்ல. வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா படிச்சிடுவேன்."

படித்துவிட்டால் என்ன கேடு என்று எனக்கு அன்று விளங்கவில்லை. வாரம் நாலு பக்கம், பூ இல்லாத மாதம் என்றால் அதுவும் இல்லை. மழைக்கால மத்தியானங்களில் கரண்ட் போய்விடும். வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் சாம்பல் வெளிச்சத்தில் அவர் படிப்பார். மனைவி சுவர் ஓரமாகக் கால் நீட்டி ஸ்வெட்டரோ என்னவோ பின்னிக்கொண்டிருப்பாள். புதுச்சேரியில் ஸ்வெட்டர் எதற்கு என்று நான் கேட்டதில்லை, கேட்டால் எனக்கென்று சொல்லிவிடுவாள். ஜன்னலில் மழை லில்லி இளஞ்சிவப்பாக நனையும். பக்கம் புரளும் சத்தம் ஒன்று கேட்கும். நெடுநேரம் கழித்து இன்னொன்று கேட்கும்.

"கப்பல் எங்கண்ணே போவுது?" என்பேன்.

"நடுக்கடல்ல சார்."

"நீங்க படிக்கிற வேகத்துக்கு அது துருப்பிடிச்சே முழுகிடும்."

குலுங்கல்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் வந்து, ஓர் எண்ணெய் டின்னை எங்கள் ஜன்னலில் வைத்தார். கரும்பச்சை இலைகள் கொண்ட செடி. மொட்டு இல்லை. குனிந்து பார்த்தேன், இலையைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இல்லை.

"இது இன்னா செடிண்ணே?"

"பூத்தாத் தெரியும் சார்."

"எப்ப பூக்கும்?"

"அதுவும் பூத்தாத்தான்."

அன்று அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நாலு பக்கத்தோடு நிறுத்தவில்லை. டீ ஆறியது. மனைவி இன்னொரு டீ போட்டாள், அதுவும் ஆறியது. வெயில் சுவர் ஏறி மறைந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்து, மூடி, நூலை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கப்பல் கரை சேந்துடுச்சி" என்றார். அவர் முகத்தில் அதற்கான சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அவர் போனதும் நான் அந்தச் செடியின் ஒவ்வோர் இலையையும் மறுபடி தூக்கிப் பார்த்தேன். மறுநாள் விசாரித்தால், பாய் வீட்டிலும் மொட்டில்லாத செடி ஒன்று. மண்டியிலும் ஒன்று. அதற்கடுத்த நாள், பெரிய ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து அவர் தலை குனிந்தபடி வெளியே வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன். போதாதா? செடிகளை ஒப்படைக்கிறார், புத்தகத்தை முடிக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகிறார். என் மூளை, ஆபீஸில் ஒரு பைலைத் தேடச் சொன்னால் சாயங்காலம் வரை நகராது. இந்த மாதிரி வேலை என்றால் மின்னல். என்ன வியாதி என்பதைக்கூட முடிவு செய்துவிட்டேன். மில் பஞ்சு, நெஞ்சு. டீக்கடைக்காரர், "அப்பிடியா சார்? நேத்து ரெண்டு போண்டா தின்னாரே" என்றார். கடைசி ஆசையாக இருக்கும் என்றேன்.

அப்படித்தான் ஹார்லிக்ஸோடு போய் நின்றேன்.

கதவு திறந்து கிடந்தது. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் சாமி படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரமாக இருந்தது. என் கையைப் பார்த்தார்.

"யாருக்கு சார் ஒடம்பு?"

"அண்ணனுக்கு... ஒடம்பு சரியில்லன்னு..."

"இவுருக்கா? காலைல பழைய சோறு ஒரு குண்டானக் காலி பண்ணிட்டு, கருவாடு கொறச்சலுன்னு சண்ட போட்டாரே!" சிரிக்க ஆரம்பித்தவர் முடியாமல் சாக்கின் மீதே சாய்ந்துவிட்டார். "ஏங்க, இங்க வந்து பாருங்க. சாரு உங்களுக்கு ஹார்லிக்ஸ் வாங்கியாந்திருக்காரு!"

பின்பக்கத்திலிருந்து அவர் வந்தார். கையெல்லாம் மண். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, அங்கேயே நின்று குலுங்கினார். உழவர்கரைப் பக்கம் புதிதாகக் கட்டின காலனியில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. வீட்டைச் சுற்றி மண்தரை. கிணற்றடிச் செடிகளையெல்லாம் அங்கே கொண்டுபோய் நட்டாயிற்று. மொட்டு வராமல் மிச்சமிருந்தவற்றைத்தான் எங்களுக்கெல்லாம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி? மதாம் அங்கே படுத்திருந்தாராம். சங்குப்பூத் தொட்டி ஒன்றை அவர் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்தாராம். "இப்ப தேறிட்டாங்க சார். திட்ட ஆரம்பிச்சிட்டாங்க."

கட்டாமல் மிச்சமிருந்த டம்ளர்களில் அந்த ஹார்லிக்ஸையே அவர் மனைவி கலக்கிக் கொடுத்தார். சாவு விசாரிக்கப் போன வீட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் குடித்தோம்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். குரல் சிரிக்கவில்லை.

அவர் டம்ளருக்குள் பார்த்தார். அவர் மனைவிதான் சொன்னார்: "தெனம் சொல்லிட்டு வாங்க, சொல்லிட்டு வாங்கன்னு அனுப்புறேன் சார். போவாரு, வந்துடுவாரு. சொன்னீங்களான்னா, 'சொன்னா சாரு ஏதாச்சும் தமாஷ் பண்ணுவாரு, எனக்கு அழுவ வந்துடும்'னாரு."

நான் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன். அப்போது உரிக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

"அதோட வேற ஒண்ணு இருக்கு சார்," என்றார் அந்த அம்மா. "இவுருக்கு வெறுங்கையோட ஒருத்தர் வூட்டுப் படி ஏறத் தெரியாது. என்னப் பொண்ணு பாக்க வந்தாரே, எங்கப்பா வாசல்ல ஒரு நந்தியாவட்டத் தொட்டியத் தூக்கிட்டு நிக்கிறாரு. எங்கப்பா, 'பின்னால போய் வெச்சிட்டுப் போப்பா'ன்னுட்டாரு. தோட்டக்காரன்னு நெனச்சி!"

"வெறுங்கையோட போயி இன்னான்னு சொல்றது?" என்றார் அவர், மெதுவாக.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. செடியைப் பார்க்க வந்தவர் இல்லை அவர். நம்மைப் பார்க்க வர ஒரு செடி தேவைப்பட்டவர். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாததும் அதனால்தான். இப்போது செடியெல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது. தரையில் வேர்விட்ட செடியைக் கேரியரில் கட்டி யார் வீட்டுக்கும் கொண்டுவர முடியாது. இனி எந்தச் சாக்கைச் சொல்லிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்? சாகவில்லை என்ற நிம்மதி தெருமுனை வரைகூட வரவில்லை. அதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது.

நீ போயிருக்கலாமே என்பீர்கள். உழவர்கரை என்ன சீமையா? போனேன். அடுத்த மாதமே போனேன். வெயில் தணிந்த நேரம். வேலி முழுக்கச் சங்குப்பூ ஏறி நீலமாகக் கிடந்தது. உள்ளே டேலியா, சாமந்தி, செம்பருத்தி எல்லாம், இத்தனை வருஷம் டின்னுக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவை, காலை நீட்டிப் படுத்துவிட்டன போல விரிந்து கிடந்தன. முதன்முதலாக அவர் வீட்டில் பூவைப் பார்த்தேன். நடுவில் மண்வெட்டியோடு அவர் நின்றார். எந்தப் பூவையும் எங்கேயும் கொண்டுபோகிற அவசரம் அவரிடம் இல்லை. ஒவ்வொரு செடியாகக் காட்டினார். நான் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் மாதிரி நடந்தேன். உட்காரவே இல்லை. வேலியில் மஞ்சள் வெயில், தேனீ சத்தம், அவர் முதுகு. இவருக்கு இனி நாம் வேண்டியதில்லை என்று தோன்றியது. யாரையும் குறை சொல்ல முடியாதபடி அது அவ்வளவு அழகாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிள் மிதிப்பதே கனமாக இருந்தது. அதன் பிறகு போகவில்லை. கோபம் இல்லை. இருந்தாலும் கோபித்துக்கொண்டவன் மாதிரி இருந்தேன்.

என் கையில் மிச்சமிருந்தது அந்த எண்ணெய் டின். அது பூத்தால் அவர் வருவார் என்று ஒரு நம்பிக்கையை நானே தயாரித்துக்கொண்டேன். மீன் கழுவின தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் மோர். காலையில் எழுந்ததும் இலைகளுக்குள் தலையை விட்டுப் பார்ப்பேன்.

"பல்லத் தேய்ச்சிட்டுப் பாருங்க," என்பாள் மனைவி. "அந்த நாத்தத்துக்கே மொட்டு உள்ள போயிடும்."

"உனக்கென்னடி. வராமலே போயிட்டாருன்னா?"

"வராட்டிப் போறாரு. டின்னப் பாத்து எதுக்கு மூஞ்சக் காட்டுறீங்க?" என்பாள். ஆனால் சாயங்காலம் டீ போடும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக வைப்பாள். பிறகு அதையும் நானே குடிப்பேன். மழைக்காலம் வந்து போயிற்று. மார்கழிப் பனி வந்து போயிற்று. இலை மட்டும் கொழுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு படுத்திருந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பேப்பரை விலக்கினேன்.

வாசலில் அவர் நின்றார். கேரியரில் ஒன்றும் இல்லை. கையிலும் இல்லை. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், பிறகு முன்னால் கொண்டுவந்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன. படியில் ஏறலாமா வேண்டாமா என்று ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே.

என் நாக்கு நுனியில் ஒரு நல்ல கேலி வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

"வாங்கண்ணே" என்றேன்.

"சும்மாதான் சார் வந்தேன்."

"வாங்க அண்ணா," என்றாள் உள்ளிருந்து மனைவி. "டீ வெச்சிட்டேன்."

உள்ளே வந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். டீயை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். விளக்கு வைக்கிற நேரம் வரை இருந்துவிட்டுப் போனார்.